ஆயில் பெயின்டிங்கும் டர்பன்டைனும்: நெடுநாள் பழக்கத்தில் சில விஷயங்கள்

ஆயில் பெயின்டிங் செய்கிறவர் அறையில், கலரை இளக்கும் டர்பன்டைன் வாசனை இல்லாமல் இருக்காது. வருஷக்கணக்காக நானும் அதோடுதான் குடித்தனம் நடத்துகிறேன்.

வாங்கும்போதே கவனம் வேண்டும். ஹார்டுவேர் கடையில் டர்பன்டைன் என்று கேட்டால் பெரும்பாலும் மினரல் டர்பன்டைனைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அது பெட்ரோலியச் சரக்கு. கதவு ஜன்னலுக்கு எனாமல் அடிக்கப் போதும். நான் சொல்வது பைன் மரப் பிசினைக் காய்ச்சி வடித்து எடுக்கும் கம் டர்பன்டைன். நம் நாட்டில் பெரும்பாலும் இமாச்சல், உத்தராகண்ட் மலைகளின் சீர் பைன் மரங்களில் இந்தப் பிசின் இறக்குகிறார்கள். எண்ணெய் போனபின் கட்டியாக மிஞ்சுவது ரோசின், வயலின் வில்லில் தேய்க்கிறார்களே, அதேதான். இன்று நாம் சாமிக்கு ஏற்றும் கற்பூரம்கூடப் பெரும்பாலும் இந்த எண்ணெயிலுள்ள பைனீன் என்ற பொருளிலிருந்து ஆலையில் செய்வதே.

முதல் பூச்சை நீர்க்க அடிக்க எனக்கு இதுதான் சரிப்படுகிறது. கலரைச் சட்டென்று இளக்கிவிட்டு ஆவியாகிவிடும். டம்மர் என்ற மரப்பிசினைக் கரைத்து வார்னிஷ் செய்யவும் இதுவே வேண்டும்; மினரல் டர்பன்டைனில் அது சரியாகக் கரையாமல் கலங்கி நிற்கும். பிரஷ் கழுவ மட்டும் இதை வீணாக்குவதில்லை. துணியில் நன்றாகத் துடைத்து, சமையல் எண்ணெயில் அலசி, சோப்பு போட்டால் போதும். கைக்குத் தேங்காய் எண்ணெய்.

இதில் எனக்குப் பெரிய பயம் பழைய பாட்டில்தான். பாதி காலியான பாட்டிலுக்குள் காற்று புகுந்து எண்ணெயை ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பாருங்கள். நல்ல சரக்கு தடமில்லாமல் உலரும். கெட்டது மஞ்சளாகப் பிசுபிசுவென்று ஒரு வளையம் விடும். அப்படி ஆக்சிஜனேறிய பொருள்கள்தான் தோல் அலர்ஜிக்கு முக்கியக் காரணம். நம் சீர் பைன் எண்ணெயில் இப்படி ஆக்சிஜனேறும் கேரீன் என்ற பொருள் அதிகம், அதனால் இந்தத் தொல்லையும் கூடுதல். என்னோடு படம் வரையும் அண்ணன் ஒருவருக்கு விரலிடுக்கில் தோல் உரிந்து வெடித்தது. இப்போது ஒரு சொட்டு பட்டாலே அரிப்பு. அலர்ஜி ஒருமுறை பிடித்தால் லேசில் விடாது. ஆகவே சின்ன பாட்டிலாக வாங்குங்கள், இறுக மூடுங்கள், நைட்ரைல் கையுறை போடுங்கள்.

இதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோரம் தேங்கும். ஜன்னலைத் திறந்தால் மட்டும் போதாது, கீழ்ப்பக்கம் காற்று வெளியேற வழி வேண்டும். தலைவலி வந்தால் வேலையை நிறுத்திவிட்டு வெளியே போய்விடுங்கள். ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி எழும்பும். சென்னை மே மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஊதுபத்திகூட வேண்டாம். துடைத்த துணியில் கலரிலுள்ள ஆளிவிதை எண்ணெய் இருந்தால், சுருட்டிப் போட்ட இடத்திலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். நான் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடிவிடுவேன்.

அப்புறம் மருந்து சமாச்சாரம். சில வலி பாம்களில் இது கொஞ்சம் சேர்கிறது, உண்மைதான். அதற்காகப் பெயின்ட் கடைச் சரக்கை முழங்காலில் தேய்ப்பதா? வயிற்றுப் பூச்சிக்கு மருந்தாகக் குடிக்கலாம் என்று இணையத்தில் உளறுகிறவர்களை நம்பவே நம்பாதீர்கள். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும், அதனால் வாட்டர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தை தப்பித்தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.