பெங்களூரில் ஐரோப்பியச் சாப்பாடு: அத்தையை எங்கே கூட்டிப்போவது?

போன மாதம் மாமாவுக்கும் அத்தைக்கும் நாற்பதாவது கல்யாண நாள். கும்பகோணத்திலிருந்து எங்கள் அல்சூர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். எம்.டி.ஆர்., வித்யார்த்தி பவன் போன்ற பெயர்பெற்ற டிபன் கடைகளெல்லாம் முந்தைய பயணங்களிலேயே பார்த்தாயிற்று. "வெள்ளைக்காரங்க சாப்பாடு எப்படி இருக்கும்னு ஒரு தடவை பார்க்கணும்மா" என்று ஆரம்பித்தது அத்தைதான். அவர் சுத்த சைவம். கேக்கில் முட்டை இருந்தால்கூடத் தொடமாட்டார். மாமா எதையும் சாப்பிடுவார். ஆக, யாரை மனதில் வைத்துக் கடை தேடவேண்டும் என்பதில் குழப்பமே இல்லை.

விலையைப் பற்றிப் பேசப் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கே போனாலும் ஒரு தட்டுக்குக் கொடுக்கும் காசில் தர்ஷினி மாதிரி நின்று சாப்பிடும் டிபன் கடையில் குடும்பமே டிபன் முடித்துவிடலாம். பார்க்கிங் எல்லா இடத்திலும் தொல்லைதான், மெட்ரோவில் போய்விடுங்கள்.

என் கணவரின் ஓட்டு செயின்ட் மார்க்ஸ் ரோடு கோஷிஸுக்கு. 1940-இல் பேக்கரியாகத் தொடங்கிய உணவகம். கன்டோன்மென்ட், அதாவது பிரிட்டிஷ் ராணுவக் குடியிருப்புக் காலத்துக் 'கான்டினென்டல்' சாப்பாட்டின் வாசனை இன்னும் மிச்சமிருக்கிற இடம் என்றும் சொல்லலாம். 1809-இல் அல்சூரில் ராணுவ முகாம் வந்தபோது கூடவே வந்த தமிழர்களின் வழிவந்தவர்கள்தான் எங்கள் தெருவில் பாதிப் பேர், அதனால் அந்தச் சாப்பாட்டின் மேல் எனக்கும் ஒரு பாசம் உண்டு. ஆனால் அது ஐரோப்பாவை நம் ஊர் எப்படிப் புரிந்துகொண்டது என்பதைக் காட்டும் சாப்பாடு. அத்தை கேட்டது அது இல்லை.

பிரெஞ்சு உணவகத்தை நான் முதலிலேயே பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். நமக்குப் புளிக்கரைசலும் பருப்பும் எப்படியோ, அவர்களுக்கு எலும்பு வேகவைத்த சாறு அப்படி. சூப், சாஸ் எல்லாம் அதில்தான் தொடங்கும். வெங்காய சூப் என்று பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது, பாரம்பரியமாக அது மாட்டிறைச்சிச் சாற்றில் செய்வது. இரண்டு வருஷம் முன்பு ஒரு சின்ன பிரெஞ்சுக் கடையில் என் சைவத் தோழிக்கு "வெஜ்தான் மேடம்" என்று அதைக் கொண்டுவந்து வைத்தார்கள். நாலு ஸ்பூன் உள்ளே போன பிறகு சமையலறையிலிருந்து ஒருவர் வந்து, கோழிச் சாறு கலந்தது என்றார். அவள் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஜெர்மன் சாப்பாட்டுக்கு இந்திராநகரில் கோதே இன்ஸ்டிட்யூட் மாடியில் கஃபே மேக்ஸ் இருக்கிறது. ஒரே ஒரு தடவை, அதுவும் காபிக்காகப் போனதால் அந்தக் கடையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. பொதுவாகவே ஸ்பேட்ஸ்லே என்ற ஜெர்மன் நூடுல்ஸ் மாவில் முட்டை, உருளைக்கிழங்கு அடையிலும் பெரும்பாலும் முட்டை. கிரேக்கச் சாப்பாட்டில் அந்தக் கவலை குறைவு. அவர்களின் ஆர்த்தடாக்ஸ் நோன்பு நாட்களில் இறைச்சி, பால், முட்டை மூன்றுமே விலக்கு என்பதால், பீன்ஸையும் காய்களையும் ஆலிவ் எண்ணெயில் வதக்கிச் சமைப்பதில் கெட்டிக்காரர்கள். இங்கே கிரேக்கம் என்று நான் சாப்பிட்டதெல்லாம் கொண்டைக்கடலைத் துவையலான ஹம்முஸும் பீட்டா ரொட்டியும்தான், அதை வைத்து என்ன சொல்ல?

மிச்சம் இத்தாலி. இதில்தான் சைவம் என்பது இறைச்சியை எடுத்துவிட்ட மிச்சம் இல்லை. மார்கரீட்டா பீட்சாவிலோ, பூண்டும் எண்ணெயும் மட்டும் போட்ட ஸ்பகெட்டியிலோ எதுவும் குறைவதாகத் தோன்றாது. ஏழைகளின் சமையலறையில் இருந்ததை வைத்துச் செய்தது, அதனால் அப்படியே முழுசு.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஆர்டர் செய்ய முடியாது. 'ஃபிரெஷ் பாஸ்தா' என்று பெருமையாக எழுதியிருந்தால் அது பெரும்பாலும் முட்டை போட்டுப் பிசைந்தது. காய்ந்த பாஸ்தாவில் பொதுவாக ரவையும் தண்ணீரும்தான், ஆகவே நமக்கு விலை குறைந்ததுதான் நல்லது. தென் இத்தாலியின் ஒரெக்கியெட்டே கையால் செய்தாலும் முட்டை கிடையாது. பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பை நொதியால்தான் உறைய வைக்கிறார்கள், அவர்கள் விதியே அப்படி. சீசர் சாலட் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி மீனும் முட்டையும். இனிப்புகளில் பன்னகோட்டாவில் விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டின், திராமிசுவில் பச்சை முட்டை. ரிசோட்டோ என்ற அரிசிச் சாப்பாடு எந்தச் சாற்றில் வெந்தது என்று கேட்டே ஆகவேண்டும். இத்தனையையும் போனில் கேட்டேன். எரிச்சல் படாமல், தெரியாததைச் சமையல்காரரிடம் கேட்டு வந்து பதில் சொன்ன கடையில்தான் மேசை பதிவு செய்தேன்.

யு.பி. சிட்டி மாலில் டோஸ்கானோ, சர்ச் ஸ்ட்ரீட்டில் பிரிக் அவன் என்று பட்டியல் நீளம்தான். நான் வெள்ளைத் துணி விரித்த மேசைகளைத் தாண்டி விறகடுப்புப் பக்கம் சாய்ந்தேன். காரணம் மாவு. இரண்டு நாள் புளித்த மாவு, பழைய மாவில் கொஞ்சம் எடுத்துவைத்து அடுத்ததில் கலப்பது என்று அத்தைக்குச் சொன்னதும், "அட, நம்ம தோசை மாவு கதைதான்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். பீட்சா வந்தபோது ஓரத்தில் கறுப்புப் பொட்டுகளைப் பார்த்து, "கருக விட்டுட்டாங்களே, மாத்தித் தரச் சொல்லு" என்றார். 450 டிகிரிக்கு மேல் காயும் அடுப்பில் ஒன்றரை நிமிஷத்துக்குள் வெந்து வருவது அது, பொட்டு விழாவிட்டால்தான் அடுப்பில் சூடு போதவில்லை என்று அர்த்தம் என்றேன். சந்தேகத்தோடு ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டார். நடுப்பகுதியை மாமாவிடம் தள்ளிவிட்டு ஓரங்களை மட்டும் சேகரிக்க ஆரம்பித்தார்.

ஒரெக்கியெட்டேவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "சோழி மாதிரி இருக்கே" என்றார். அவர்கள் அதைக் குட்டிக் காது என்கிறார்கள்.

இனிப்பில்தான் இத்தாலியும் கைவிட்டது. பால் சேராத ஐஸான எலுமிச்சை சோர்பே மட்டும் தேறியது. அத்தைக்குப் பல் கூசியது. பில் கட்டிவிட்டு நாலு பேரும் சர்ச் ஸ்ட்ரீட் இந்தியா காபி ஹவுஸுக்கு நடந்தோம். அங்கே காபியில் சர்க்கரை தூக்கல் என்று அத்தைக்கு வேறு குறை.