நீராவியா, ஈரத்துண்டா?

மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் உள்ள என் அக்காவுக்குக் கால் இறுக்கம் தளர, எண்ணெய் தேய்த்து நீராவி பிடிக்கச் சொன்னார்கள். எண்ணெய் இதமாகத்தான் இருந்தது. நீராவிதான் ஆகவில்லை: பத்தே நிமிடத்தில் பார்வை மங்கி, கால் துவண்டது. இந்த நோயில் மயலின் என்னும் காப்புறை சிதைந்த நரம்பில், உடல்சூடு சற்று ஏறினாலே செய்தி தடுமாறும். உடலுழைப்புக்குப் பின் பார்வை இப்படி மங்குவதை 1890-இலேயே உத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் பதிவுசெய்தார். உடல் குளிர்ந்ததும் அக்காவுக்குப் பார்வை தெளிந்தது. எனக்குத்தான் பதற்றம் அடங்கவில்லை.

வேலூர் வெயிலுக்கு இரண்டாவது வழியான ஈரத்துண்டே மேல். சத்துவாச்சாரி வீட்டில், விடியற்காலை ஐந்தரைக்கு நாற்காலியில் அமர்ந்தபடி யோகா. பிறகு பானைத் தண்ணீரில் நனைத்த துண்டு கழுத்தைச் சுற்றி. களைப்பு முழுதாகப் போவதில்லை, ஆனாலும் மதியம்வரை தானாகவே நடக்கிறார். நரம்பியல் மருத்துவர் தந்த மருந்தை எதற்காகவும் நிறுத்தவில்லை.