பெயின்ட் பளபளப்பைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்: எங்கள் மெட்டடார் வேனுக்கு நேர்ந்தது

பழைய வேனைப் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டியோடு குடும்பம் தங்கிப் போகும் வண்டியாக மாற்றித் தருவதாகச் சொன்ன ஒரு பட்டறையில் 4,15,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம். பணம் போனதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சிறுமலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் இரண்டு பிள்ளைகளோடு நாங்கள் வந்துகொண்டிருந்த அந்தச் சில நிமிடங்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. புகார் விசாரணையில் இருப்பதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை. மதுரையிலிருந்து அதிக தூரம் இல்லை என்று மட்டும் சொல்கிறேன். நடந்ததை முழுவதும் எழுதுகிறேன். வீட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

வண்டி என் மாமனார் 1989-ல் வாங்கியது. பஜாஜ் டெம்போ மெட்டடார். கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்தவர் மாமா. கடைக்குத் தனி வண்டி உண்டு. இது குடும்பத்துக்கென்றே வாங்கியது. மாசி சிவராத்திரிக்கு உசிலம்பட்டிப் பக்கம் குலதெய்வம் கோயிலுக்குப் பங்காளி வீட்டார் எல்லாரும் இதில்தான் போவோம். பொங்கல் பானை, விறகு, பாய், தலையணை, கைக்குழந்தை எல்லாம் ஏறும். ராத்திரி முழுவதும் அங்கேதான். இப்போது மாமாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, தரையில் உட்கார்ந்து எழ முடிவதில்லை. வண்டிக்குள்ளேயே ஒரு படுக்கையும் சின்ன அடுப்பும் இருந்தால் அவர் வருவார், பிள்ளைகளையும் கோடை விடுமுறையில் நாலு இடம் கூட்டிப் போகலாம் என்று நானும் என் கணவரும் நினைத்தோம். ஆசை அவ்வளவுதான்.

மெட்டடாரின் இன்ஜினைப் பற்றிக் கவலையே வேண்டாம். 1982-ல் அந்த நிறுவனம் டெய்ம்லர் பென்ஸோடு ஒப்பந்தம் போட்டு இங்கே தயாரித்த நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின் அது. பிறகு அதே நிறுவனத்தின் டிராக்ஸ் வண்டிகளிலும் அந்த இன்ஜின் வந்ததால் உதிரிபாகம் தேடினால் கிடைத்துவிடும். கிடைக்காதது உடம்புத் தகடுதான். கதவின் அடிப்பகுதி, சக்கரத்துக்கு மேல் வரும் வளைவு, தளத்தகடு எல்லாம் கையால் வெட்டி, வளைத்து, பற்றவைக்க வேண்டும். ஆகவே இந்த வண்டிக்கு டிங்கரிங் வேலை தெரிந்த கைதான் உயிர். ஏமாற்றுவதற்கும் அதைவிட வசதியான இடம் கிடையாது. ஏனென்றால் செய்த வேலையும் செய்யாத வேலையும் பெயின்டுக்கு அடியில் போய்விடும்.

2023 ஜூனில் வண்டியை விட்டோம். பேசிய தொகை 3,40,000. முன்பணம் 1,50,000. மூன்று மாதம் என்றார். பட்டறை உரிமையாளர் இனிக்க இனிக்கப் பேசுவார். "தங்கச்சி, நீங்கள் என்ன நிறம் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், மற்றதை அண்ணனிடம் விட்டுவிடுங்கள்" என்பார். ஆவணி என்றார், ஐப்பசி என்றார், தை பிறக்கட்டும் என்றார். ஒவ்வொரு முறையும் கூடுதலாக ஒரு செலவு வந்தது. நாங்கள் போகும்போதெல்லாம் வண்டி ஒரு தார்ப்பாய்க்குள் மூடிக் கிடக்கும். திறந்து காட்டச் சொன்னால் "பிரைமர் ஈரமாக இருக்கிறது, தூசி படும்" என்பார். அப்போதே நான் பிடிவாதம் பிடித்திருக்க வேண்டும்.

சித்திரைத் திருவிழாவுக்குச் சில நாள் முன்பு வண்டி வீட்டு வாசலுக்கு வந்தது. மேலே வெண்ணெய் நிறம், கீழே பச்சை. தெருவே வந்து பார்த்தது. மாமா மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, உள்ளே ஏறிப் படுக்கையில் உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. மீதிப் பணத்தை அன்றே அனுப்பிவிட்டோம்.

மே மாதம் நடுவில் வெள்ளோட்டமாகச் சிறுமலைக்குப் போனோம். பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. ஏறும்போதே வண்டி திணறியது, கறுப்புப் புகை தள்ளியது. மழை பெய்த ஈரத்தில் முன்சக்கரம் இரண்டு இடத்தில் வழுக்கிச் சுழன்றது. இது முன்சக்கரம் இழுக்கும் வண்டி. தண்ணீர்த் தொட்டியையும் அலமாரியையும் கொண்டுபோய் வண்டியின் கடைசியில் வைத்துவிட்டால் பாரமெல்லாம் பின்னால் இறங்கி, இழுக்க வேண்டிய முன்சக்கரத்துக்குப் பிடிப்பு குறைந்துவிடும். பட்டறை அதைத்தான் செய்திருந்தது. அன்று எங்களுக்கு இது தெரியாது. மழையால் என்று நினைத்தோம்.

இறங்கும்போது பாதி வளைவுகள் தாண்டியபின் என் கணவர் ஒன்றும் பேசாமல் கியரைக் குறைத்தார். முகம் வெளுத்திருந்தது. பிரேக் மிதி தரை வரை போகிறது, வண்டி நிற்கவில்லை. இரண்டாவது கியர், பிறகு முதல் கியர், கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கத்து மண்மேட்டில் உரசி நிறுத்தினார். மகன் தூங்கிக்கொண்டிருந்தான். மகள் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. வாழைத்தார் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்த வண்டிக்காரர் இறங்கி வந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார். அவர் பெயரைக் கூடக் கேட்கத் தோன்றவில்லை.

வண்டியை இழுத்துக்கொண்டு போய் மேலூர்ப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் விட்டோம். மெட்டடார் ஓடிய காலத்திலிருந்தே இந்த வேலையில் இருப்பவர். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். முதலில் பிரேக் ஆயில். டப்பாவிலிருந்து ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினார். காப்பி டிகாக்ஷன் போல் இருந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஈரம் ஏறியபின் 140-லேயே கொதித்து ஆவி கட்டி, மிதி தரை வரை போய்விடலாம். மலை இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் அந்தச் சூடு சாதாரணமாக வந்துவிடும். பிறகு பின்சக்கர டிரம்மைக் கழற்றினார். மிதித்ததும் பிரேக் கட்டையைத் தள்ளும் பாகம்தான் வீல் சிலிண்டர்; "புது வீல் சிலிண்டர் நான்கு" என்று எங்களிடம் காசு வாங்கியிருந்தார்கள். பார்க்கப் புதிது போல்தான் வெள்ளியாக மின்னியது. பெரியவர் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். வெள்ளிப் பெயின்ட் செதிலாக உதிர்ந்தது. அடியில் துரு. ரப்பரைச் சுற்றி ஆயில் கசிந்து பிரேக் கட்டை முழுவதும் நனைந்திருந்தது. "தாயி, இது பழசுக்குப் பெயின்ட் அடித்தது" என்று சொல்லிவிட்டு அந்தச் சிலிண்டரை என் உள்ளங்கையில் வைத்தார். இன்னும் வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு எங்களுக்கு எதையும் நம்ப மனம் வரவில்லை. பெரியவர் என் மகளிடம் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம் இருக்கிறதா என்று கேட்டார். மறுநாள் அவள் கொண்டுபோன மயில் பொம்மைக் காந்தத்தை ஒரு மெல்லிய துணியில் சுற்றி வண்டியின் மேல் நகர்த்திக்கொண்டே வந்தார். இரும்பு இருந்தால் காந்தம் ஒட்டும், வெறும் பட்டி (பள்ளம் தெரியாமல் பூசும் பசை) என்றால் ஒட்டாது. ஜன்னலுக்குக் கீழே கப்பென்று பிடித்தது. கதவின் அடியில் விழுந்தது. சக்கர வளைவில் விழுந்தது. காந்தம் விழுந்த இடத்திலெல்லாம் அவள் சாக்பீஸால் வட்டம் போட்டாள். பதினேழு வட்டம். ஒன்றை உளியால் தட்டிப் பார்த்தபோது ஒரு விரல் கனத்துக்குப் பட்டி உடைந்து வந்தது. உள்ளே தகடே இல்லை. ஓட்டையில் சாக்குத் துணியைத் திணித்து அதன் மேல் பட்டி பூசியிருந்தார்கள். தளத்தில் விரித்திருந்த பிளைவுட்டைத் தூக்கினால் இற்றுப்போன பழைய தகடு அப்படியே இருந்தது. படுக்கையின் கால்கள் அந்த இற்ற தகட்டில்தான் திருகப்பட்டிருந்தன.

கேஸ் விஷயத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு படபடக்கிறது. வண்டி பட்டறையில் இருந்தபோதுதான், 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். பெட்டிக்குள் விதியை மீறிக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டர்தான் காரணமாகப் பேசப்பட்டது. அன்றே பட்டறைக்காரருக்குப் போன் செய்து, சிலிண்டர் பெட்டி தனியாக, வெளிப்பக்கம் திறப்பதாக, அடியில் காற்றுத் துவாரத்தோடு இருக்க வேண்டும் என்று சொன்னேன். "அப்படியே செய்கிறோம்" என்றார். செய்தது என்ன தெரியுமா? பிள்ளைகள் படுக்கும் கட்டிலுக்குக் கீழே மூடிய மரப்பெட்டி. துவாரம் கிடையாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கி நிற்கும். அதே பெட்டிக்குள் இரண்டாவது பேட்டரியின் ஒயர் ஃப்யூஸ் இல்லாமல் ஓடியது. பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் வர வேண்டும். இந்த இரண்டையும் மட்டுமாவது இன்றே உங்கள் வண்டியில் குனிந்து பாருங்கள்.

டயர் நான்கும் புதிது என்றார்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். எங்களுடையதில் 1116. அதாவது 2016-ன் பதினோராவது வாரம்.

காகித விஷயத்திலும் ஏமாந்தோம். "விண்டேஜ் பதிவு எடுத்துத் தருகிறேன்" என்று 25,000 வாங்கினார். 2021-ல் வந்த மத்திய விதிப்படி ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டிதான் விண்டேஜ். 1989 வண்டிக்கு அது எப்படிக் கிடைக்கும்? கிடைத்தாலும் விண்டேஜ் பதிவுள்ள வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது, கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான். நமக்குத் தேவையே இல்லாத ஒன்றுக்குப் பணம் கொடுத்திருக்கிறோம். அதோடு, நின்று சமைக்க வசதி என்று கூரையை வெட்டி ஃபைபர் மூடி வைத்திருந்தார்கள். மறுபதிவுக்குப் போனபோது ஆய்வாளர் ஆர்.சி.யையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது. அவர் மேல் தவறில்லை. கூரையை வெட்டும் முன் அனுமதி வாங்க வேண்டும் என்று பட்டறை சொல்லியிருக்க வேண்டும்; நாங்களும் கேட்டிருக்க வேண்டும். மூடியை எடுத்துவிட்டுப் பழையபடி தகடு வைத்துப் பற்றவைத்த பிறகுதான் பதிவு புதுப்பித்தோம்.

கறுப்புப் புகைக்குக் காரணம் கடைசியில்தான் தெரிந்தது. லிட்டருக்குப் பதினொன்று கொடுத்த வண்டி ஏழுதான் கொடுத்தது. மாமா தன் பழைய கணக்கு நோட்டை எடுத்துவந்தார். வாங்கிய நாளிலிருந்து ஆயில் மாற்றியது, பேட்டரி மாற்றியது எல்லாம் நீல மையில் எழுதியிருக்கிறார். அதில் ஒரு பக்கத்தில் இன்ஜின் எண், அடிச்சட்ட எண், அதற்குக் கீழே டீசல் பம்பின் தகட்டு எண். பெரியவர் டார்ச் அடித்து வண்டியிலிருந்த பம்பின் எண்ணைப் படித்தார். வேறு எண். எங்கள் மைக்கோ நிறுவனத்து டீசல் பம்பைக் கழற்றிக்கொண்டு தேய்ந்துபோன ஒன்றை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. நோட்டை மூடிவிட்டு வண்டியை விட்டு இறங்கிப் போய்விட்டார். பட்டறைக்காரரிடம் கேட்டபோது, "முப்பத்தைந்து வருஷத்து வண்டியில் எது எப்போது மாறியது என்று யார் கண்டது?" என்றார். அந்த நோட்டு இல்லாமல் போயிருந்தால் எங்களிடம் பதிலே இருந்திருக்காது.

ஆகவே வண்டியைப் பட்டறையில் விடும் முன் இன்ஜின், பம்ப், ஆல்டர்னேட்டர், பேட்டரி, டயர், எல்லாவற்றின் எண்ணையும் போட்டோ எடுத்து, பட்டறைக்காரரின் வாட்ஸ்அப்புக்கே அனுப்பிவிடுங்கள். பெயின்டை முழுவதும் சுரண்டி, வெறும் இரும்பாக நிற்கும் வண்டியை உங்கள் கண்ணால் பார்க்காமல் பட்டி போட விடாதீர்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுத்தால்தான் புதியதற்குக் காசு என்று முதல் நாளே பேசிவிடுங்கள். நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார். மேலூர்ப் பெரியவர் கேட்காமலே ஒவ்வொரு பாகத்தையும் பழைய துணியில் சுற்றிக் கொடுத்தார்.

முறையான ரசீது எங்களிடம் இல்லை, வெள்ளைத் துண்டுச் சீட்டுகள்தான். ஆனால் பணம் முழுவதும் போன் வழியாகப் போனதால் தேதி, தொகை எல்லாம் பதிவில் இருக்கிறது. அதையும், வாட்ஸ்அப் பேச்சுகளையும், சாக்பீஸ் வட்டங்களின் போட்டோவையும், பெரியவரிடம் எழுதி வாங்கிய அறிக்கையையும் சேர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். இதே பட்டறையில் ஏமாந்த இன்னொரு குடும்பம் அங்கே எங்களைத் தேடி வந்து பேசியது. நீங்களும் ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு வீட்டில் உட்காராதீர்கள்.

வண்டி இப்போது ஓடுகிறது. தளம், கதவு, பிரேக், ஒயரிங் எல்லாம் மறுபடி செய்ய 1,90,000 ஆனது. தொட்டியும் அலமாரியும் முன்னால் வந்துவிட்டன. பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை, பிரைமர் நிறத்திலேயே நிற்கிறது. வரும் மாசிக்கு உசிலம்பட்டிக்குப் போவதாக இருக்கிறோம்.

பம்ப் மட்டும் திரும்பி வரவில்லை. அதன் தகட்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 4417. பழைய உதிரிபாகக் கடையில் யார் கண்ணிலாவது பட்டால், விலை பேசி எடுத்து வைத்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். மாமா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.