பழைய காஞ்சிப் பட்டு வாங்கலாமா? ஜரிகைக்கு முன்னால் மடிப்பைப் பாருங்கள்

முப்பது, நாற்பது வருடப் பழைய காஞ்சிபுரம் புடவைகள் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இப்போது நிறைய விற்பனைக்கு வருகின்றன. 'பழைய பட்டு வாங்கப்படும்' என்று பலகை மாட்டிய சில கடைகளிலும், வெள்ளிக்காக உருக்கப் போகிறவற்றிலிருந்து நல்லதைப் பொறுக்கித் தனியாக விற்கிறார்கள். எல்லாரும் முதலில் காட்டுவது ஜரிகையைத்தான். ஆனால் புடவையைக் கட்ட முடியுமா என்பதைச் சொல்வது உடல் பட்டு. ஜரிகை கறுத்தாலும் நிற்கும். பட்டு இற்றுப்போனால் வைத்தியமே கிடையாது.

பட்டு முதலில் இற்றுப்போகும் இடம் மடிப்பு. பல வருடம் ஒரே வாக்கில் மடித்து அடுக்கிய புடவையில், கனமான ஜரிகை அந்தக் கோட்டிலேயே இழையை அழுத்தி அறுக்கும். மடிப்புக் கோட்டின் இரண்டு பக்கமும் இரண்டு அங்குல இடைவெளியில் பிடித்து மெதுவாக இழுங்கள். நல்ல பட்டு இறுக்கமாக நின்று, விட்டதும் பழையபடி அமரும். இழை விலகினாலோ, மெல்லிய 'சர்ர்' சத்தம் கேட்டாலோ அங்கேயே வைத்துவிடுங்கள். விற்பவர் பெரும்பாலும் இடுப்பில் செருகும் உள்முனையைத்தான் நீட்டுவார். அது வெயில் அதிகம் படாத பகுதி. பார்க்க வேண்டியவை கொசுவம் வரும் இடம், தோளில் ஊக்கு குத்திய இடம், தரையில் உரசிய கீழ்க்கரை. பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்தால், பூச்சி அரித்த ஓட்டையும் நைந்த பகுதியும் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

புதிதாகப் பாலிஷ் போட்ட புடவையை நம்பவே வேண்டாம். கஞ்சி ஏற்றி ரோல் போட்டால் நைந்த துணியும் மொடமொடப்பாக நிற்கும். ஈரவிரலை ஒரு மூலையில் வைத்து எடுங்கள். பிசுபிசுத்தால் அது கஞ்சியின் விறைப்பு, பட்டின் விறைப்பு அல்ல. அடிப்பக்கம் நெட் துணி வைத்துத் தைத்திருக்கிறார்களா என்பதையும் திருப்பிப் பாருங்கள்.

இனி ஜரிகை. உள்முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஜரிகை இழையைப் பிரித்தால், அசலில் உள்ளே சிவப்புச் சாயமிட்ட பட்டு நூல் இருக்கும். நகத்தால் சுரண்டினால் மேலே இருக்கும் பொன்நிறம் போய் வெள்ளி வெளுப்பாகத் தெரியும். செம்பு நிறம் வந்தால் அது செம்புக் கம்பிக்கு முலாம் பூசியது. பிளாஸ்டிக்கால் ஆன மெட்டாலிக் நூலாக இருந்தால் நெருப்பில் சுருங்கி உருண்டையாகும். விலை பெரிதென்றால், உலோகத்தில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று எக்ஸ்ரே கதிரால் காட்டும் எக்ஸ்.ஆர்.எஃப். இயந்திரம் உள்ள இடத்தில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. துணிக்கு ஒன்றும் ஆகாது. ஜரிகை கறுத்திருப்பது மட்டும் குறையல்ல, காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். அதை எலுமிச்சையும் பற்பசையும் போட்டுத் தேய்த்து வைத்திருந்தால்தான் கெடுதல்; பக்கத்துப் பட்டின் சாயமும் போயிருக்கும். சில்க் மார்க் 2004இல்தான் வந்தது. எனவே அதற்கு முந்தைய புடவையில் அந்த அட்டையை எதிர்பார்க்க வேண்டாம். இருந்தாலும் அது பட்டுக்கு மட்டுமே சான்று, ஜரிகைக்கு அல்ல.

இப்போது அதிகம் ஏமாறுவது கரை மாற்றிய புடவையில். பழைய ஜரிகைக் கரையை வெட்டிப் புது உடலில் தைத்து, 'பாட்டி காலத்துப் புடவை' என்று விற்பவர்கள் உண்டு. பின்பக்கம் திருப்பிக் கரை சேரும் கோட்டைப் பாருங்கள். கரையை உடலோடு கோத்து நெய்யும் கோர்வையில் உடல் இழையும் கரை இழையும் ஒன்றையொன்று கோத்துப் பல்வரிசை போல ஏறி இறங்கும். மாற்றியதில் ஊசித் தையல் நேர்கோடாக ஓடும். கரை மாற்றியதே தவறில்லை, அப்படிச் சொல்லி அதற்கேற்ற விலைக்கு விற்றால் வாங்கலாம். முந்தி வேறு நிறமென்றால் உடலோடு அது சேரும் கோட்டையும் (பேட்னி என்பார்கள்) இழுத்துப் பாருங்கள், அங்கே பிரிந்தால் முந்தி தனியே வந்துவிடும்.

டேப் கொண்டு போங்கள். இன்று 48 அங்குல அகலம் வழக்கம். பழையதில் சில 45தான் இருக்கும், உயரமானவர்களுக்குக் கணுக்கால் தெரியும். ரவிக்கைத் துணி சேராத புடவை ஐந்தரை மீட்டர் இருக்க வேண்டும். கீழ்க்கரையின் அகலத்தை முந்தியில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை அளந்து பாருங்கள். நடுவில் குறைந்தால், நைந்ததை வெட்டி மடித்துத் தைத்திருக்கிறார்கள்.

அந்துருண்டை வாசனை நிழலில் நாலு நாள் ஆறப்போட்டால் போகும். பூஞ்சை விட்ட பழுப்புப் புள்ளி போகாது. சாயம் போகுமா என்று பார்க்க, ஈரமான வெள்ளைப் பருத்தித் துணியை உள்முனையில் ஒரு நிமிடம் அழுத்துங்கள். அரக்கு, அடர் பச்சை உடலில் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

ஆன்லைனில் என்றால் ஃப்ளாஷ் போட்ட படங்களை ஏற்க வேண்டாம். பகல் வெளிச்சத்தில், மடிப்பை இழுத்துக் காட்டும் வீடியோவும் கோர்வையின் பின்பக்கப் படமும் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடலாம். உடல் கிழிந்து கரை மட்டும் நன்றாக இருக்கும் புடவைக்கு, வெள்ளிக்குக் கடைக்காரர் எடை போட்டுத் தரும் விலைக்கு மேல் கொஞ்சம் கொடுக்கலாம். முந்தி தவிர்த்து மூன்று மீட்டர் உறுதியாகத் தேறினால் சிறுமிக்குப் பட்டுப் பாவாடை தைத்துவிடலாம்.