கத்திக்குக் கைக்காப்பு வேண்டுமா? கமாண்டோ கத்தியும் குக்ரியும்

ஷாங்காய் போலீஸில் இருந்த ஃபேர்பேர்னும் சைக்ஸும் வடிவமைத்து, 1941-இல் பிரிட்டிஷ் கமாண்டோக்கள் கைக்கு வந்த கத்தியில், ஒல்லியான அலகுக்கும் பிடிக்கும் நடுவே சின்னதாக ஒரு குறுக்குத் தகடு இருக்கும்; கைக்காப்பு என்பது அதுதான். இது குத்துவதற்கென்றே செய்த கத்தி; முனை எலும்பில் முட்டினால் கத்தி நின்றுவிடும், கை நிற்காது, தகடு இல்லாவிட்டால் வியர்வையில் வழுக்கி விரல்கள் நேராகக் கூர்மேல் போய்விடும்.

கூர்க்காக்களின் வளைந்த கத்தியான குக்ரியில் தகடே கிடையாது. வீசி வெட்டும்போது கை முன்னால் சறுக்குவதைவிட, கத்தியே கையைவிட்டுப் பறப்பதுதான் பயம். பிடியின் அடி அகன்றிருப்பது அதற்குத்தான். அப்புறம், விறகு பிளப்பதும் அதே கத்திதான்.

என்னைக் கேட்டால், குத்தும் கத்திக்குக் காப்பு கட்டாயம். எதிராளியின் வெட்டைத் தடுக்க என்பார்கள், சரி, அத்தனூண்டு தகட்டில் எதைத் தடுப்பது?