சேர்ந்து வகுப்பெடுக்கலாம் என்று வந்த அண்ணன்

போன ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கம் கோயிலுக்குப் போயிருந்தேன். தீர்த்தக்குளத்துப் படியில் ஒரு அம்மா என் கையைப் பிடித்து, "மகள், தம்பிட அந்தச் சேட்டிபிகட் வந்திட்டா?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. மகனின் வகுப்புக் காசுக்காக அவர் தன் காப்பை அடகு வைத்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். "மறுகா சொல்றன் அம்மா" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டேன். எங்கள் ஊரில் மறுகா என்றால் பிறகு. அந்த மறுகாவைத்தான் இப்போது எழுதுகிறேன்.

சேர்ந்து வகுப்பெடுக்கலாம் என்று வந்து ஏமாற்றிய ஆளின் பெயரைப் போடப் போவதில்லை. பொலிஸில் முறைப்பாடு இருக்கிறது, அதில் பெயர் இருக்கிறது. இங்கே அவரை அண்ணன் என்றே எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம்.

நான் கல்லடிக்காரி. கொழும்பில் 11 வருடம் மென்பொருள் கம்பனிகளில் இருந்தேன். மென்பொருளில் பிழை தேடும் டெஸ்டராகச் சேர்ந்து ஸ்க்ரம் மாஸ்டர் ஆனேன். ஸ்க்ரம் என்பது ஒரு சின்னக் குழு வேலையைச் சின்னச் சின்னத் துண்டாகச் செய்து முடிக்கும் முறை, அது சரியாக நடக்கக் குழுவுக்கு உதவுபவர்தான் ஸ்க்ரம் மாஸ்டர். கொரோனாவோடு வீட்டுக்கு வந்தவள், அப்படியே வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். 2022இல் டொலர் 360 ரூபாய்க்குப் போனது ஞாபகமிருக்கும். ஸ்க்ரம் வகுப்புகளுக்கெல்லாம் விலை டொலரில்தான். வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படித்துவிட்டு வேலை தேடுகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள்: "அக்கா, இத நம்மட ஊர்ல, தமிழ்ல யாரும் படிப்பிக்க மாட்டாங்களா?" கேட்டுக் கேட்டு, நானே படிப்பித்தால் என்ன என்று தோன்றிவிட்டது.

தோன்றினால் மட்டும் போதாது. ஸ்க்ரம் அலையன்ஸ் என்ற அமைப்பின் சிஎஸ்எம், அதாவது ஸ்க்ரம் மாஸ்டர் சான்றிதழ் வேண்டுமென்றால், அந்த அமைப்பு அங்கீகரித்த ட்ரெயினரிடம் வகுப்பு முடித்திருக்க வேண்டும். அந்த ட்ரெயினர்களை சிஎஸ்டி என்பார்கள். நாம் சிஎஸ்டி ஆவதென்றால் முதலில் சிஎஸ்எம், அதற்கு மேல் ஏ-சிஎஸ்எம், அதற்கும் மேல் சிஎஸ்பி என்று ஏற வேண்டும். அதுவரை படிப்பும் அனுபவமும் இருந்தால் ஏறிவிடலாம். நானும் ஏறினேன். அதற்குப் பிறகுதான் கஷ்டம். ஏற்கனவே சிஎஸ்டியாக இருப்பவர்களோடு சேர்ந்து வகுப்பு எடுத்திருக்க வேண்டும். "இவர் படிப்பிக்கக்கூடியவர்" என்று அவர்கள் சொல்ல வேண்டும். இதைத்தான் கோ-ட்ரெயினிங் என்கிறார்கள். எத்தனை புத்தகம் படித்தாலும், ஒருவர் மனம் வைத்துத் தன் வகுப்புக்குள் உங்களை எடுத்தால்தான் உண்டு.

ஒன்பது பேருக்கு எழுதினேன். ஆறு பேரிடமிருந்து பதிலே இல்லை. இருவர் தங்களிடம் ஏற்கனவே ஆட்கள் காத்திருப்பதாக மரியாதையாக எழுதினார்கள். ஒருவர் வரச் சொன்னார், ஆனால் அவருடைய நாட்டுக்கு. விசா, டிக்கெட், தங்குமிடம் என்று கணக்குப் போட்டுவிட்டு மடிக்கணினியை மூடிவைத்தேன்.

அந்த வாரம்தான் அண்ணனின் மெசேஜ் வந்தது. லிங்க்ட்இனில் என் பதிவைப் பார்த்தாராம். தான் கிழக்கு மாகாணத்தில் வகுப்புத் தொடங்கப் போவதாகவும் தமிழ் பேசும் ஆள் வேண்டும் என்றும் சொன்னார். கோல் எடுத்தேன். ஒரு மணித்தியாலம் பேசினோம். "தங்கச்சி, உங்களப் போல ஆக்கள்தான் தேவ. மூணு வகுப்பு என்னோட சேந்து எடுங்க, கடிதம் நான் தாறன்" என்றார். வழிகாட்டல் கட்டணம் 2 இலட்சம், இரண்டு தவணையில்.

காசு கேட்டதே பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஒருவர் தன் நேரத்தைத் தருகிறார், அதற்கு விலை இருக்கலாம். என்னுடைய பிழை வேறு. 11 வருடத்தில் பாதி டெஸ்டர் வேலை பார்த்தவள் நான். ஒரு பட்டனை ஆறு விதமாக அழுத்திப் பார்க்காமல் விடமாட்டேன். அந்த நான், ட்ரெயினர்களின் பட்டியலில் இந்த மனிதரின் பெயர் இருக்கிறதா என்று ஒரு தடவை தேடிப் பார்க்கவில்லை. பட்டியல் அமைப்பின் தளத்தில் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. இரண்டு நிமிட வேலை. ஒன்பது கதவைத் தட்டிய பிறகு தமிழில் ஒருவர் தங்கச்சி என்று கூப்பிட்டதும் எனக்குக் கண் தெரியவில்லை, வேறென்ன சொல்ல.

முதல் வகுப்பு 2023இல், மட்டக்களப்பில், வாவிக்கரைப் பக்கம் ஒரு ஹோட்டல் மண்டபம். மண்டபம் பிடித்தது நான். முற்பணம் கட்டியதும் நான், "மறுகா கணக்குப் பாப்பம்" என்றார். ஆட்களைச் சேர்த்ததும் நான்தான்: 14 பேர், ஆளுக்கு 45,000 ரூபாய். அதில் என் மாமியின் மகன் ஒருவன், காத்தான்குடியிலிருந்து இரண்டு தம்பிமார், செங்கலடியிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு தங்கச்சி. காசெல்லாம் அண்ணனின் கணக்குக்குப் போனது. பனர், போட்டோக்கொப்பி, மல்டிமீடியா, பத்து மணி ரோல்ஸ், பிளேன்ரீ எல்லாம் என் தலையில்.

சரி, வகுப்புக்குள் என்ன நடந்தது? முதல் நாள் காலை முக்கால் மணித்தியாலம் அவர் பேசினார். நகைச்சுவையாகப் பேசுவார், அதை மறுக்க முடியாது. பிறகு "இனி உங்கட அக்கா பாத்துக்குவா" என்று மைக்கை என்னிடம் தந்துவிட்டுப் பின்வரிசையில் போனோடு உட்கார்ந்துகொண்டார். இரண்டு நாளும் நான்தான் எடுத்தேன். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? முதல் வகுப்பிலேயே முழுதையும் என்னிடம் தந்துவிட்டாரே, எவ்வளவு பெரிய மனசு என்று கணவரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். அவர் மட்டும், "அப்ப அவருக்கு எதுக்குக் காசு?" என்று கேட்டார். கணவருக்கு ஸ்க்ரம் பற்றி ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் அன்றே கண்ணில் பட்டது. அண்ணன் தந்த ஸ்லைடில் 'டெவலப்மென்ட் டீம், 3 முதல் 9 பேர்' என்று இருந்தது. டெய்லி ஸ்க்ரம் என்ற தினசரிக் குழுக் கூட்டத்துக்கு நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், தடை என்ன என்ற மூன்று கேள்விகளும் இருந்தன. இது ஸ்க்ரமின் விதிகளைச் சொல்லும் கையேடான ஸ்க்ரம் கைட்டின் 2017 பதிப்பு. 2020இல், ஸ்க்ரமை உருவாக்கிய கென் ஷ்வாபரும் ஜெஃப் சதர்லாந்தும் அதைத் திருத்தி 13 பக்கமாகச் சுருக்கியபோது டெவலப்மென்ட் டீம் என்ற தனிப் பிரிவை எடுத்துவிட்டார்கள். முழு ஸ்க்ரம் டீமும் சாதாரணமாக 10 பேர் அல்லது அதற்குக் குறைவு என்று வைத்தார்கள். அந்த மூன்று கேள்விகளும் போய்விட்டன. மூன்று வருடமாகியும் ஸ்லைடு மாறவில்லை என்றால் அந்த மூன்று வருடமும் ஆள் உண்மையான வகுப்பு எடுத்திருக்க வழியில்லை. எனக்கு அது விளங்கியிருக்க வேண்டும். நான் செய்தது, இரவு இரண்டு மணி வரை இருந்து அவருடைய ஸ்லைடுகளைத் திருத்திக் கொடுத்ததுதான்.

வகுப்பு முடிந்த பின்னேரம் கொப்பியும் பேனையுமாக அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். எங்கே பிழை விட்டேன், எதை மாற்ற வேண்டும் என்று கேட்டேன். "நல்லாச் செய்தீங்க தங்கச்சி, ஒரு குறையும் இல்ல" என்றார். கொப்பியில் ஒரு வரியும் எழுதாமல் வீட்டுக்கு வந்தேன்.

இரண்டாவது வகுப்பு கல்முனையில், 12 பேர். அதுவும் இப்படியேதான், சாப்பாடு மட்டும் நன்றாக இருந்தது. மூன்றாவது நடக்கவே இல்லை.

சிஎஸ்எம் வகுப்பு முடிந்தால் ட்ரெயினர் பங்குபற்றியவர்களின் பெயரை அமைப்பின் தளத்தில் ஏற்ற வேண்டும். அதன்பிறகு ஒவ்வொருவருக்கும் அமைப்பிடமிருந்து நேரே மின்னஞ்சல் வரும். அதில் உள்ள இணைப்பில் போய் 50 கேள்விக்குப் பதில் எழுதி, 37 சரியாக வந்தால்தான் சான்றிதழ். ஆக, ட்ரெயினர் கையால் சான்றிதழ் கொடுப்பது என்ற பேச்சே இல்லை. மட்டக்களப்பு வகுப்பு முடிந்து ஒரு வாரம், இரண்டு வாரம், மின்னஞ்சல் இல்லை. "ஸ்பாம்ல பாருங்க தம்பி" என்று நானே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்முனை வகுப்பையும் அந்த இடைவெளியில்தான் நடத்தி முடித்தோம் என்பதை எழுதவே கூசுகிறது. மூன்றாவது வாரம் அண்ணனிடமிருந்து எல்லோருக்கும் ஒரு பிடிஎஃப் வந்தது. தங்க நிறக் கரை, கீழே அவருடைய கையொப்பம், 'ஸ்க்ரம் மாஸ்டர் செயலமர்வில் பங்குபற்றியமைக்காக' என்று ஒரு வரி.

காத்தான்குடித் தம்பி ஒருவர்தான் முதலில் கோல் எடுத்தார். "அக்கா, குறை நினைக்காதீங்க, அவர்ட பேர் லிஸ்ட்ல இல்லயே?" என்றார். நான் பார்க்க வேண்டியதை அந்தப் பிள்ளை பார்த்திருக்கிறது.

அண்ணனைக் கேட்டேன். முதலில் தகுதி புதுப்பிக்கும் வேலை நடக்கிறது என்றார். பிறகு வெளிநாட்டில் உள்ள ஒரு பெரிய ட்ரெயினரின் கீழ்தான் செய்கிறேன், பெயர் சொல்ல முடியாது என்றார். கடைசியில், "உங்கட ஆக்கள் உங்கள நம்பித்தானே வந்தாங்க, நீங்கதானே படிப்பிச்சீங்க" என்றார். இந்த வசனத்தைத்தான் என்னால் இன்றைக்கும் விழுங்க முடியவில்லை, ஏனென்றால் அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவருக்கு வேண்டியிருந்தது மண்டபத்தை நிரப்பக்கூடிய ஊர்க்காரி ஒருத்தி. அவளிடமே 2 இலட்சமும் வாங்கலாம் என்பது மேலதிக வரும்படி. பிறகு என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார். முறைப்பாடு போன பிறகு 60,000 ரூபாய் மட்டும் திரும்பி வந்தது, ஒரு சொல் விளக்கமும் இல்லாமல்.

26 பேரில் 14 பேருக்கு என் கையிலிருந்து பாதிக் காசு கொடுத்திருக்கிறேன். காப்பு வைத்த அம்மாவுக்கு முழுதும், மாமாங்கத்திலிருந்து வந்த அடுத்த வாரமே. சிலர் வாங்க மறுத்தார்கள். மாமியின் மகன் வாங்கிக்கொண்டு ஒரு மாதம் பேசாமல் இருந்தான், அதுவும் நியாயம்தான். சான்றிதழ் அவசரமாக வேண்டியவர்களுக்கு வேறொரு வழி சொன்னேன். கென் ஷ்வாபர் 2009இல் ஸ்க்ரம் அலையன்ஸை விட்டு வந்து தொடங்கிய ஸ்க்ரம்.ஆர்க் அமைப்பின் பிஎஸ்எம் 1 பரீட்சைக்கு வகுப்புக்குப் போயே ஆக வேண்டும் என்றில்லை. 60 நிமிடத்தில் 80 கேள்வி, 85 சதவீதம் எடுக்க வேண்டும். கஷ்டம்தான், ஆனால் ஸ்க்ரம் கைட் இலவசம். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து படித்தோம். இதுவரை இரண்டு பேர் சித்தி. ஒருவர் செங்கலடித் தங்கச்சி.

உண்மையான கோ-ட்ரெயினிங் எப்படி இருக்கும் என்று இப்போது கொஞ்சம் தெரியும். முன்பு டிக்கெட் எடுத்து வரச் சொன்னவருக்கு வெட்கத்தை விட்டுத் திரும்ப எழுதினேன், நடந்ததையெல்லாம் சொல்லி. காசு பற்றி அவர் பேசவில்லை. நான் ஏதாவது ஒரு தலைப்பை 20 நிமிடம் படிப்பிக்கும் வீடியோவை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். இரண்டு பக்கத்துக்குக் குறை எழுதி அனுப்பியிருந்தார். கேள்வி கேட்டுவிட்டு மூன்று செக்கன்கூடப் பொறுக்காமல் நானே பதில் சொல்லிவிடுகிறேன் என்பது முதலாவது. படித்துவிட்டு அரை நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தேன். பிறகு வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், மூன்று செக்கன் அல்ல, ஒரு செக்கன்தான். அவருடைய ஒன்லைன் வகுப்பு ஒன்றில் முதலில் பார்வையாளராக இருக்கச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு பகுதி, ஒரே ஒரு பகுதி, நான் எடுப்பேன். மீதி அவர்.

அதனால், யாராவது உங்களிடம் சேர்ந்து வகுப்பெடுக்கலாம் என்று வந்தால், பட்டியலில் பெயரைப் பாருங்கள். அது முதல் வேலை. அவரோடு முன்பு சேர்ந்து எடுத்த இரண்டு பேரின் பெயரைக் கேட்டு, அவர்களுக்கு நேரே கோல் எடுங்கள். அண்ணனிடம் நான் கேட்டிருந்தால் ஒரு பெயரும் வந்திருக்காது. பங்குபற்றுபவர்களின் காசு யாருடைய கணக்குக்குப் போகிறது, அவர்களின் பெயரைத் தளத்தில் யார் எப்போது ஏற்றுவார் என்பதை வாய்ப்பேச்சில் விடாமல் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். மண்டபம் பிடிக்கவும் ஆள் சேர்க்கவும் மட்டும் உங்களைத் தேடுகிறார் என்றால் உங்களுக்கே விளங்கும். எனக்கு விளங்கவில்லை, அது வேறு கதை.

கல்முனை வகுப்புக்கு வந்தவர்களின் முழுப் பெயர்ப்பட்டியல் என்னிடம் இல்லை, அது அவருடைய மடிக்கணினியில் இருந்தது. ஏழு பேரோடு மட்டும்தான் தொடர்பு கிடைத்திருக்கிறது. மிச்சம் அக்கரைப்பற்றிலிருந்து வந்த இரண்டு பேர், பச்சைச் சேர்ட் போட்ட கணக்கியல் படித்த தம்பி, இன்னும் இரண்டு பேர். இதைப் பார்த்தால், அல்லது அவர்களைத் தெரிந்தவர்கள் பார்த்தால், எனக்கு உள்பெட்டியில் எழுதச் சொல்லுங்கள். வங்கிச் சிட்டையின் படம் இருந்தால் சேர்த்து அனுப்புங்கள், முறைப்பாட்டோடு இணைக்க வேண்டும்.