படகுக்குள் டூ-பேக் பெயிண்ட்: எல்லாம் அருமை, அந்தச் சின்ன டப்பாவைத் தவிர

ஃபைபர் படகு வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர், "உள்பக்கத்துக்கு எனாமலா, டூ-பேக்கா? நீங்க அடிச்சது இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தார். டூ-பேக் என்றால் நிறம் ஒரு டப்பாவிலும், அதை இறுக வைக்கிற ஹார்ட்னர் இன்னொரு சின்ன டப்பாவிலும் வரும், அடிக்கும்போது கலந்துகொள்ள வேண்டும். கேட்ட நேரம் அவ்வளவு நல்ல நேரமில்லை. அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்முனையில், நங்கூரம் பட்டுப் பெயர்ந்த ஓர் இடத்துக்குப் பெயிண்ட் தொட்டு வைக்கலாம் என்று ஹார்ட்னர் டப்பாவை நெம்பித் திறந்தால், உள்ளே மொத்தமும் இறுகிக் கிடந்தது. அந்தக் கடுப்போடுதான் எழுதுகிறேன், அதற்கேற்பக் கழித்துப் படித்துக்கொள்ளுங்கள்.

அடித்தது இதுதான்: கீழே எபாக்ஸி பிரைமர், மேலே டூ-பேக் பாலியூரித்தேன், இளஞ்சாம்பல் நிறம், பாதி மினுமினுப்பு. படகு சின்னது, மேல்மூடி இல்லாதது, அவுட்போர்டு எஞ்சின். அதாவது வெயில், உப்பு, பெட்ரோல், மீன் ரத்தம் எல்லாம் ஒரே இடத்தில்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பெயிண்டாகப் பார்த்தால் குறையே இல்லை. ரத்தம் வெயிலில் காய்ந்து ஒட்டிக்கொண்டாலும், கடல்தண்ணீர் ஊற்றி பிரஷால் தேய்த்தால் கறையில்லாமல் போய்விடுகிறது. டேங்க் நிரப்பும்போது சிந்துகிற பெட்ரோல் பட்டு எனாமல் இளகிச் சுருங்கிப்போன படகுகளைப் பார்த்திருக்கிறேன். இதில் துடைத்தால் தடம்கூட இல்லை. நாள்பட்ட வெயிலில் எனாமல் வெளிறி, கையை வைத்தால் மாவாக ஒட்டும். இது இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை.

நிறத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் எதிர்பார்க்காத சந்தோஷம் அதில்தான் கிடைத்தது. வெள்ளை அடித்தால் உச்சிவெயிலில் கண் கூசும். தண்ணீரிலிருந்து வருகிற வெளிச்சம் பத்தாதென்று காலடியிலிருந்தும் வரும். அடர்நிறம் என்றால் வெறுங்காலை வைக்க முடியாது, பிடித்துப் போட்ட மீனும் சீக்கிரம் கெட்டுப்போகும். இளஞ்சாம்பலில் இரண்டு தொல்லையும் இல்லை. அதைவிட முக்கியம், கீழே விழுந்த தூண்டில் முள் பளிச்சென்று தெரிகிறது. எஞ்சினிலிருந்து எண்ணெய் கசிந்தாலும் முதல் சொட்டிலேயே தெரிந்துவிடும். பெயிண்ட் எதுவாக இருந்தாலும் இந்த நிறத்தை விட மாட்டேன்.

இனி அந்த டப்பா. டூ-பேக் பாலியூரித்தேனின் ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். அதற்குக் காற்றிலுள்ள ஈரம் ஆகாது. ஒருமுறை மூடியைத் திறந்துவிட்டால் எவ்வளவு அழுத்தி மூடி வைத்தாலும் மெல்ல மெல்ல ஆடை கட்டி, பிறகு கல்லாகிவிடும். பக்கத்திலேயே பெரிய டப்பாவில் நிறம் திரவமாக, நல்ல நிலையில் இருக்கும். ஹார்ட்னர் இல்லாமல் அது எதற்கும் உதவாது. தயாரித்தவர்கள் இதை ஒளித்துவைக்கவில்லை, டப்பாவிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் நான் வாங்கிய வகையில் சின்ன அளவு கிடையாது. காசளவு பொட்டு ஒன்றுக்கு முழு செட் வாங்கு என்றால், தலைவலிக்கு மாத்திரை கேட்டவனிடம் மருந்துக்கடையையே விற்கிற மாதிரி இருக்கிறது.

பெயர்வது எப்போதோ ஒருமுறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். படகின் உள்பக்கம் அப்படிப்பட்ட இடமா? நங்கூரம், ஈயக்குண்டு, கத்தி, ஐஸ்பெட்டி, எல்லாம் விழுகிற இடம். படகின் வெளிப்பக்கம் வருடக்கணக்கில் அழகாக இருக்கட்டும். உள்பக்கத்துக்கு வேண்டியது அடிக்கடி, சுலபமாகத் தொட்டுவைக்க முடிகிற பெயிண்ட். எனாமல் என்றால் மூடியைத் திறந்து, கலக்கி, தடவிவிட்டுப் போகலாம். டூ-பேக்கில் அடிபட்ட ஓரத்தை 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து மழுக்க வேண்டும், சொன்ன விகிதத்தில் அளந்து கலக்க வேண்டும், கலந்தது இறுகுவதற்குள் முடிக்க வேண்டும். காய்வதற்குள் பனி இறங்கினால் மினுமினுப்பு போய்ப் பாலேடு போல வெளுக்கும். இத்தனைக்கும் பிறகு பழைய பெயிண்ட் நடுவே புதுப் பொட்டு தனியாக மின்னும்.

கையுறையும் முகமூடியும் இல்லாமல் இதைத் தொட வேண்டாம். ஐசோசயனேட் ஆஸ்துமாவையே கொண்டுவரும். ரோலரில் அடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்ப்ரே செய்வது மூச்சுவிடத் தனிக் காற்றுக்குழாய் மாட்டி வேலை செய்கிறவர்களின் வேலை.

வேறு சில சங்கதிகள். எந்தப் பெயிண்ட் ஆனாலும் முதலில் கரைப்பானால் துடைத்து ஃபைபர் மேல் ஒட்டியிருக்கும் மெழுகை எடுத்துவிட்டு, அதன்பிறகே உப்புத்தாள் போடுங்கள். மாற்றிச் செய்தால் மெழுகு கீறலுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும், பெயிண்ட் பிடிக்காது. எபாக்ஸி பிரைமர் காய்ந்தபின் மேலே பிசுபிசுப்பு தெரிந்தால் அதைத் தண்ணீரால் கழுவ வேண்டும். அடிப்பலகைக்குக் கீழே தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் பாலியூரித்தேன் வேண்டாம், நாள்முழுக்க நனைந்து கிடந்தால் கொப்புளம் எழும். அங்கே வெறும் எபாக்ஸி போதும். எபாக்ஸிக்கு எதிரி வெயில், பலகைக்கடியில் வெயில் ஏது? வழுக்காமல் இருக்க நான் தூவிய மணலைப் பற்றிப் பேசப் பிடிக்கவில்லை. வழுக்குவதில்லை, சரி. அதன் இடுக்கில் ஒட்டிய செதில் ஒவ்வொன்றையும் நகத்தால் கிள்ள வேண்டியிருக்கிறது. நிற்கிற இடத்தில் மட்டும் தூவுங்கள், மீன் அறுக்கிற இடத்தில் வேண்டாம்.

நண்பருக்குப் பதில்: ஒன்-பேக் மரைன் எனாமல் வாங்குங்கள். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரண்தான், தெரிகிறது. கணக்குப் போட்டால் டூ-பேக்தான் ஜெயிக்கும். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: டூ-பேக் மேல் தேய்த்துவிட்டு எனாமல் அடிக்கலாம், ஆனால் எனாமல் மேல் டூ-பேக் அடித்தால் அதன் தின்னர் கீழே இருப்பதைச் சுருட்டித் தூக்கிவிடும். பின்னால் மனம் மாறினால் எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க வேண்டிவரும். அது தெரிந்தும் எனாமல் என்றுதான் சொல்கிறேன். பெட்ரோல் டேங்க் அடியில் மட்டும் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டுவிடுங்கள்.